பூசணம் 2 நாளில் வரும், சர்வேயர் 12 நாளில் வருவார்

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் பீரோவைத் திறந்து துணிமணிகளை வெயிலில் காயப்போடுவது எங்கள் வீட்டு வழக்கம். 2025 தை மாதம் என் அக்கா வீட்டில் காயப்போட அதிகம் மிச்சமில்லை. எல்லாம் குப்பை வண்டியில் போயிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கோபத்தோடு எழுதுவது நல்ல குமாஸ்தாவுக்கு அழகல்ல. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த ஐப்பசி உங்களுக்கும் வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகரில் அக்கா வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். 79 வயதுக்காரியை மாடியில் குடியிருப்பவர்கள்தான் கைத்தாங்கலாக மேலே ஏற்றினார்கள். திங்கட்கிழமை தண்ணீர் வடிந்தது. வீட்டுக்கு பாலிசி உண்டு; பிரான்சில் இருக்கும் அவள் மகன் லீவில் வந்தபோது எடுத்துக் கொடுத்தது. அன்றைக்கே கம்பெனிக்கு போன் செய்தாள். மறுமுனையில் ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள்: "சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் எதையும் நகர்த்தாதீங்கம்மா."

அக்கா சொன்ன சொல் கேட்கிறவள். நகர்த்தவில்லை. இலவம்பஞ்சு மெத்தை அப்படியே கிடந்தது. பிளைவுட் அலமாரி அப்படியே நின்றது. மூன்றாம் நாள் அலமாரிக் கதவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்தது. ஐந்தாம் நாள் அது பச்சையானது. பிறகு கறுப்பு. வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் நெடி மூக்கில் ஏறும். அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நான் போய்ப் பார்த்து, "இதையெல்லாம் வெளியே எடுத்துப் போடலாமே" என்றேன். "வேணாம் தம்பி, அந்தப் பொண்ணு தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கு" என்றாள்.

சர்வேயர் 14-ம் தேதி வந்தார். நல்ல மனிதர். காபி குடித்தார், படம் எடுத்தார், பூசணத்தைப் பார்த்து முகம் சுளித்தார். அக்கா கேட்டிருந்த தொகை 1,38,000 ரூபாய். வந்த பதில் 19,500 ரூபாய், அதுவும் குளிர்சாதனப் பெட்டிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும். மெத்தை, அலமாரி, கட்டில், சுவர்ப் பூச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி: பூசணச் சேதம், நாள்பட்ட ஓதத்தால் வந்தது, பராமரிப்புக் குறை, பாலிசியில் அடங்காது.

இந்த ஒரு வரியைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முதலில் அந்தப் பாலிசியைப் பார்ப்போம். 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் விற்கும் வீட்டுப் பாலிசிக்கு "பாரத் கிருஹ ரக்ஷா" என்று ஒரே மாதிரி வாசகம் வகுத்திருக்கிறார்கள். அதில் தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டி அல்லது குழாய் வெடிப்பது என்று ஒரு பட்டியல் உண்டு. பூசணம் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பெனிக்காரர்கள் இதைத்தான் விரலால் சுட்டிக் காட்டுகிறார்கள்.

இல்லைதான். ஆனால் அது காரணங்களின் பட்டியல். விளைவுகளின் பட்டியல் அல்ல. தீ பட்டியலில் இருக்கிறது, புகைக்கரி இல்லை. அதற்காக, எரிந்த வீட்டுச் சுவரில் படிந்த கரியைப் பார்த்து "இது பட்டியலில் இல்லை" என்று யாராவது சொல்வார்களா? வெள்ளம் புகுந்த வீட்டில் பூசணம் அந்த வெள்ளத்தின் கரி. தேள் கொட்டினால் மருந்து தருவேன், வீக்கத்துக்குத் தரமாட்டேன் என்று சொல்கிற வைத்தியரிடம் நாம் போவோமா?

இரண்டாவது, காலக் கணக்கு. நனைந்த துணி, மரம், அட்டை ஆகியவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. தாண்டினால் பிடிக்கும். இது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும். அதாவது விதி 15 நாள் தருகிறது, பூசணம் 2 நாள்தான் தருகிறது. விதியை ஒழுங்காகப் பின்பற்றினாலே வீடு கெட்டுப்போகும். அந்த 15 நாளும் "தொடாதே" என்று சொல்லிவிட்டு, பிறகு வந்து பூசணத்தைப் பார்த்துப் பராமரிப்புக் குறை என்று எழுதினால், குறை யாருடைய பராமரிப்பில்?

மூன்றாவது, இதே பாலிசியில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. சேதம் மேலும் பெருகாமல் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது பாலிசிதாரரின் கடமை என்கிறது அது. எழுத்தில் "தடு" என்கிறார்கள், தொலைபேசியில் "தொடாதே" என்கிறார்கள். தொட்டால் ஆதாரத்தைக் கலைத்தாய் என்பார்கள், தொடாவிட்டால் கடமை தவறினாய் என்பார்கள். எப்படி விழுந்தாலும் அடி நமக்குத்தான்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பூசணத்துக்கும் கம்பெனி காசு தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மொட்டை மாடி வருடக் கணக்கில் ஒழுகினால், குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிந்துகொண்டே இருந்தால், பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து அது மூச்சுவிட முடியாமல் புழுங்கினால், அந்தப் பூசணம் நம்முடையது. அனுபவமுள்ள சர்வேயருக்கு வித்தியாசம் தெரியும். நாள்பட்ட ஓதம் தரையிலிருந்து மேடும் பள்ளமுமாக ஏறும், உப்புப் பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும். வெள்ளம் வந்த வீட்டிலோ நான்கு சுவரிலும் அலமாரியிலும் கட்டில் காலிலும் ஒரே உயரத்தில் கோடு போட்ட மாதிரி தடம் இருக்கும். அக்கா வீட்டு வடக்குச் சுவரில் பழைய ஓதம் இருந்தது உண்மை. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் மெத்தைக்கு ஏது நாள்பட்ட ஓதம்?

இப்போது ஒரு வாக்குமூலம். 38 வருடம் நான் அரசாங்கக் குமாஸ்தா. "உரிய ஆதாரம் இணைக்கப்படாததால் பரிசீலிக்க இயலவில்லை" என்ற வரியை எத்தனை மனுக்களில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அவற்றில் கூரை இடிந்த கிழவிகளின் மனுக்களும் உண்டு. யார் மேலும் எனக்கு விரோதம் இல்லை. கோப்பை முடிக்க ஒரு வரி தேவைப்பட்டது, அந்த வரி தயாராக இருந்தது, அவ்வளவுதான். சர்வேயர் எழுதியதும் அப்படிப்பட்ட வரிதான். அதனால்தான் பார்த்த உடனே எனக்கு அடையாளம் தெரிந்தது. அதை அழுகையால் மாற்ற முடியாது, காகிதத்தால்தான் மாற்ற முடியும் என்றும் தெரிந்தது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். தாளின் தலையில் தேதி போடாமல் ஒரு வரி எழுதினாலும் முஸ்ஸியே காதைத் திருகுவார். பிரெஞ்சில் "கோன்ஸ்தா" என்று ஒரு சொல் உண்டு. கண்டதைக் கண்டபடி, தேதியோடு, அபிப்பிராயம் கலக்காமல் எழுதி வைப்பது. பிரான்சில் மேல்வீட்டுக் குழாய் கீழ்வீட்டில் ஒழுகினால், இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து கோன்ஸ்தா படிவம் ஒன்றை நிரப்பிக் கையெழுத்திட்டு, 5 வேலை நாட்களுக்குள் இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிடுவார்களாம். அக்கா மகன் சொன்னான். நமக்கு அந்தப் படிவம் இல்லை. ஒரு வெள்ளைத் தாள் போதும்.

அந்தத் தாளை எழுதினேன். மாடி வீட்டுப் பையன் டிசம்பர் 1-ம் தேதி போனில் எடுத்த வீடியோ இருந்தது. தண்ணீரில் மெத்தை மிதப்பது அதில் தெரிந்தது. சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினேன். கேட்டால் தர வேண்டும். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குக் கடிதம் போட்டேன். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போவோம் என்று கடைசி வரியில் குறிப்பிட்டேன். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அந்த அலுவலகம்தான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம், கம்பெனி கைவிரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. மொத்தம் 91,000 ரூபாய் கொடுத்தார்கள். வடக்குச் சுவருக்குத் தரவில்லை. அது நியாயம்தான்.

உங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் மெயினை அணையுங்கள். தண்ணீர்த் தடம் தெரியும்படி ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். அன்றே வாய்மொழியாக மட்டுமில்லாமல் எழுத்திலும் தகவல் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். "பூசணம் பிடிக்காமலிருக்க நாளைக் காலை முதல் பொருட்களை வெளியே எடுத்து உலர்த்துகிறேன், அதற்கு முன் பார்க்க வேண்டுமானால் வாருங்கள்" என்று அதிலேயே எழுதிவிடுங்கள். பிறகு தாராளமாக உலர்த்துங்கள். தூக்கிப் போடுவதில் ஒரு துண்டு மெத்தை, ஒரு துண்டு பலகை எடுத்து வையுங்கள். கூலிக்கு ரசீது வாங்குங்கள். கடிதத்தில் பூசணம் என்று ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் என்று ஆரம்பியுங்கள். எந்தத் தேதி, எத்தனை அடி, எத்தனை மணி நேரம். பூசணம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. போனை எடுக்கிற அந்தப் பெண்ணுக்கு வேறு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்கள். "படம் எடுத்துக்குங்கம்மா, உடனே காயப்போடுங்க." ஒரு காசு செலவில்லை.

அலமாரியின் அடித்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தபோது அக்காவுக்கு எழுதிய கடிதங்கள். முதல் நாளே எடுத்து விரித்து நிழலில் காயவைத்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். 14-ம் தேதி சர்வேயர் போன பிறகு திறந்தபோது, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் கட்டியாக இருந்தது. காகிதத்துக்குக் காசு கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. "அந்தப் பொண்ணு தொடக்கூடாதுன்னு சொல்லுச்சே தம்பி" என்று அக்கா இன்னொரு தரம் சொன்னாள்.