காசு கொடுத்து வாங்கிய சந்தேகம்

“விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதில் இன்னும் உடன்பாடு இல்லையாமே!” பூமி சூடாவதற்கு மனிதன் காரணம் என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் பதில் இது. பெரும்பாலும் படித்தவர் வாயிலிருந்துதான் வரும். சொல்பவர் தன்னை விவரம் தெரியாதவராக நினைப்பதில்லை. கண்டதையெல்லாம் நம்பும் கூட்டத்தில் சேராத நடுநிலையாளர், எதையும் கேள்வி கேட்கும் பகுத்தறிவாளர் என்று நினைத்துக்கொள்கிறார். அந்தச் சந்தேகம் அவர் தலையில் உதித்ததில்லை என்பதே நான் சொல்ல வந்தது. அமெரிக்காவில் பணம் போட்டு, திட்டம் தீட்டி, ஆள் வைத்துத் தயாரித்த சரக்கு அது. தயாரித்தவர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இருந்ததில்லை. அவர்கள் எழுதிவைத்த காகிதங்களே இதற்குச் சாட்சி.

1977இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், உயர்மட்ட நிர்வாகிகளின் கூட்டத்தில் ஒரு விளக்கம் அளித்தார். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு பூமியின் பருவநிலையை மாற்றுகிறது என்பதே அறிவியலாளர்களின் பொதுக்கருத்து என்றார். நிர்வாகிகள் அதை அலட்சியப்படுத்தவில்லை. 1979இல் தங்கள் எண்ணெய்க் கப்பலிலேயே கருவிகளைப் பொருத்தி, காற்றிலும் கடல் நீரிலும் கார்பன் டை ஆக்சைடை அளக்க வைத்தார்கள். சொந்தமாகக் கணினி மாதிரிகளையும் உருவாக்கினார்கள். அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை செய்த வெப்ப உயர்வுக் கணிப்புகளை, பின்னர் உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்ட ஆய்வு 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 63 முதல் 83 சதவீதக் கணிப்புகள் பலித்திருந்தன. உள்ளே இவ்வளவு துல்லியம். வெளியே? 1997இல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெட்ரோலிய மாநாட்டில் அதே நிறுவனத்தின் தலைவர் லீ ரேமண்ட், இருபது ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிடப் பூமி இப்போது குளிர்ந்திருக்கிறது என்று பேசினார்.

இது ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை. எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் 1989இல் கூடி ‘குளோபல் கிளைமேட் கொயலிஷன்’ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. 1995இல் அதன் தொழில்நுட்பக் குழு உறுப்பினர்களுக்காக ஓர் உள்சுற்று அறிக்கையைத் தயாரித்தது. பசுங்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை உறுதியாக நிறுவப்பட்டது, அதை மறுக்க முடியாது என்று அதில் எழுதியிருந்தது. மறுப்பாளர்கள் வைக்கும் மாற்று விளக்கங்கள் ஏன் எடுபடாது என்று காட்டும் ஒரு பகுதியும் இருந்தது. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றது மேல்குழு, எடுத்துவிட்டார்கள். கூட்டக் குறிப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. இந்தக் காகிதங்கள் 2009இல் வெளியே வந்தபோது கூட்டமைப்பைக் கலைத்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது. செய்ய வேண்டிய வேலையை அதற்குள் செய்து முடித்திருந்தார்கள்.

அந்த வேலை என்ன என்பதை 1998இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தில் கூடித் தீட்டிய திட்டம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. சராசரிக் குடிமகன் பருவநிலை அறிவியலில் நிச்சயமின்மை இருப்பதாகப் புரிந்துகொள்ளும்போது நமக்கு வெற்றி என்பது அதன் சாரம். 2002இல் குடியரசுக் கட்சியின் பிரச்சார ஆலோசகர் ஃபிராங்க் லண்ட்ஸ் தன் கட்சிக்காரர்களுக்கு எழுதிய குறிப்பும் அதையே சொன்னது: அறிவியல் முடிந்துவிட்டது என்று மக்கள் நம்பினால் அவர்கள் கருத்தும் மாறிவிடும், ஆகவே நிச்சயமின்மையைப் பிரதானப் பிரச்சினையாக வைத்திருங்கள். மாற்று அறிவியலை நிரூபியுங்கள் என்று இவர்களில் யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு ஜெயிக்க வேண்டிய தேவையே இல்லை. விவாதம் இன்னும் முடியவில்லை என்ற எண்ணம் ஊரில் நிலவினால் போதும்; சட்டம் வராது, வரி வராது, வியாபாரம் நடக்கும். லண்ட்ஸ் 2019இல் செனட் குழு முன்னால் தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். அவர் கைகழுவிய வாசகத்தை நம் நடுநிலையாளர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார்.

இடதுசாரிகள் கட்டிவிட்ட கதை இது என்று சொல்வோரும் உண்டு. பூமி சூடாவதைப் பற்றி 1989இல் ஐ.நா. பொதுச்சபையில் எச்சரித்தவர் அன்றைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர். வேதியியல் படித்த அவரை இடதுசாரி என்று யாராவது சொன்னால் இடதுசாரிகளே சண்டைக்கு வருவார்கள். 1988 தேர்தலில், பசுங்குடில் விளைவை வெள்ளை மாளிகையின் பலத்தோடு எதிர்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ். 2008இல்கூட அதே கட்சியின் நியூட் கிங்ரிச், ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசியோடு ஒரே சோஃபாவில் உட்கார்ந்து, பருவநிலை மாற்றத்தைச் சமாளித்தாக வேண்டும் என்று விளம்பரத்தில் பேசினார். இரண்டே ஆண்டில், 2010இல், தெற்கு கரோலினாவின் குடியரசுக் கட்சி எம்.பி. பாப் இங்லிஸ் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே படுதோல்வி கண்டார். பருவநிலை அறிவியலை ஏற்றுப் பேசியது அவர் செய்த குற்றங்களில் முக்கியமானது. 2008க்கும் 2010க்கும் நடுவில் அறிவியலில் எதுவும் தலைகீழாகவில்லை. மாறியது கட்சி அரசியல்.

சரி, காகிதங்களை விடுவோம். வாதங்கள் நிற்கின்றனவா?

“பருவநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது, அப்போது காரும் ஆலையும் இருந்தனவா?” ஊரில் இயற்கைச் சாவு நடக்கிறது என்பதற்காக எந்தப் போலீஸ்காரரும் கொலை வழக்கை மூடிவிடுவதில்லை; தடயம் பார்ப்பார். இங்கேயும் தடயம் இருக்கிறது. வெப்பம் கூடுவதற்குச் சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் கீழடுக்கு, மேலடுக்கு இரண்டுமே சூடாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காரணம் என்றால் கீழே சூடாகி, ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மேலடுக்கு குளிர வேண்டும். இதை 1967இலேயே சியூகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பிற்பாடு செயற்கைக்கோள்கள் அளந்தபோது மேலே குளிர்ச்சியும் கீழே சூடுமாகத்தான் இருந்தது. மனாபேவுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. காற்றில் கூடியிருக்கும் கார்பனின் ஐசோடோப்பு விகிதமும் அது பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த தாவரக் கார்பன் என்று காட்டுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

“வெப்பமானிகளையே நம்ப முடியாது” என்பது அடுத்த வாதம். இது கேலிக்குரியதில்லை. அமெரிக்காவில் ஆன்டனி வாட்ஸ் என்ற முன்னாள் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர், தன்னார்வலர்களை வைத்து வானிலை நிலையங்களைப் படம் எடுக்கச் செய்தார். சில வெப்பமானிகள் தார் போட்ட வாகன நிறுத்தத்தை ஒட்டி நின்றன. சிலவற்றின் அருகே ஏ.சி. எந்திரம் அனல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. நகரம் வளர்ந்து வெப்பமானியைச் சூழ்ந்தால் அது காட்டுவது நகரத்தின் சூடா, பூமியின் சூடா? நியாயமான கேள்வி.

இந்தக் கேள்வியை பெர்க்லியில் இருந்த ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் எடுத்துக்கொண்டார். பருவநிலை ஆய்வுகள் சிலவற்றை வெளிப்படையாகக் கடிந்தவர் அவர். அவர் தொடங்கிய ஆய்வுக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி, எண்ணெய்த் தொழிலில் கொழித்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளை கொடுத்தது. மறுப்பாளர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். முல்லரின் குழு என்ன முடிவு சொன்னாலும், அது தன் வாதத்தையே பொய்யாக்கினாலும், ஏற்றுக்கொள்வேன் என்று 2011 மார்ச்சில் வாட்ஸ் எழுதினார். குழு ஏறக்குறைய 39,000 நிலையங்களின் பதிவுகளை அள்ளியது. நகரத்து நிலையங்களை விட்டுவிட்டுக் கிராமத்து நிலையங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டது. மோசமான இடத்தில் நின்றவற்றையும் நல்ல இடத்தில் நின்றவற்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தது. எப்படிப் பார்த்தாலும் வெப்ப உயர்வு ஒன்றாகவே வந்தது. காரணத்தையும் தேடினார்கள். சூரியனின் ஏற்ற இறக்கத்தையும் எரிமலைகளையும் வைத்துப் பார்த்தார்கள்; நீண்டகால உயர்வோடு பொருந்தியது கார்பன் டை ஆக்சைடுதான். 250 ஆண்டுகளில் நிலப்பரப்பு சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது, ஏறத்தாழ முழுவதற்கும் மனிதனே காரணம் என்று 2012 ஜூலையில் முல்லர் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் எழுதினார். வாட்ஸ் ஏற்றுக்கொண்டாரா? இல்லை. ஆய்வு முறையில் குறை கண்டுபிடித்தார்.

சந்தேகப்படுபவர் என்றால் முல்லர்தான். கேள்வி கேட்டார், அளந்தார், விடை வந்ததும் தலைவணங்கினார். எந்த விடை வந்தாலும் அசையாத சந்தேகத்துக்குப் பிடிவாதம் என்றுதான் பெயர்.

“விஞ்ஞானிகளும் தவறு செய்திருக்கிறார்களே?” செய்திருக்கிறார்கள். ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஆதாரமில்லாத ஒரு வரி நுழைந்திருந்தது. 2009இல் ஜெய்ராம் ரமேஷின் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வி.கே. ரெய்னாவின் ஆய்வுக் கட்டுரை அந்த அவசர முடிவுகளைக் கேள்வி கேட்டது. ஐ.பி.சி.சி. தலைவர் பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று எள்ளினார். 2010 ஜனவரியில் ஐ.பி.சி.சி. வருத்தம் தெரிவித்தது. 2035 என்ற ஆண்டைப் பிழையென்று அம்பலப்படுத்தியவர்களும் பனியாற்று விஞ்ஞானிகளே. பிழையைப் பிடித்ததும் திருத்தியதும் அறிவியலின் முறைதான். திருத்திய பிறகும் பனியாறுகள் கரைந்துகொண்டுதான் இருக்கின்றன. 2009இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்துப் பருவநிலை விஞ்ஞானிகளிடமிருந்து திருடி வெளியிட்ட மின்னஞ்சல்களின் கதையும் இதே. தரவுகளைப் பகிர்வதில் அங்கே திறந்த மனம் போதவில்லை என்று விசாரணைக் குழுக்கள் கண்டித்தன. புள்ளிவிவரத்தைப் புனைந்ததாக ஒரு குழுவும் சொல்லவில்லை.

நம் ஊர்ப் பதிப்பு இன்னும் சுவையானது: “இது மேற்கத்திய நாடுகள் நம் வளர்ச்சியை முடக்கச் செய்யும் சதி.” டொனால்ட் டிரம்ப் 2012இல், அமெரிக்காவின் தொழிலை முடக்கச் சீனர்கள் கட்டிவிட்ட கதை இது என்று எழுதினார். இரண்டு சதியும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க வழியில்லை. அறிவியல் எந்த நாட்டுக் கையாளாகவும் வளரவில்லை. வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்துவைப்பதை 1859இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியவர் அயர்லாந்தில் பிறந்த ஜான் டிண்டால். கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896இல் கணக்கிட்டவர் ஸ்வீடனின் ஸ்வாண்டே அர்ஹீனியஸ். குளிர்சாதனப் பெட்டியில் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுவும் பூமியைக் கடுமையாகச் சூடாக்கும் என்று 1975இல் கண்டுபிடித்தவர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். ரோலண்ட் மேடனோடு சேர்ந்து 1980இல் அவர் இன்னொன்றும் சொன்னார்: வெப்ப உயர்வின் அடையாளம் 2000ஆம் ஆண்டுக்குள் தெளிவாகத் தெரிந்துவிடும். தெரிந்தது.

வளரும் நாடுகளுக்கு இதில் நியாயமான கோபம் உண்டு. இந்தியாவில் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு. அமெரிக்காவில் சுமார் 14 டன். ஏழையின் அடுப்புப் புகையையும் பணக்காரனின் சொகுசுப் புகையையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது என்று 1991இலேயே சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் வாதாடினார்கள். அந்த வாதத்துக்கு அறிவியலை மறுக்கும் அவசியம் ஏற்படவில்லை. பார்க்கப்போனால் அறிவியல்தான் அதற்குப் பலம். புகையால் கேடே இல்லை என்றால் யாரிடம் எதற்கு நஷ்ட ஈடு கேட்பது?

பருவநிலையில் விவாதிக்க ஏராளம் இருக்கிறது. நிலக்கரியை எந்த வேகத்தில் கைவிடுவது, சுரங்கத் தொழிலாளிக்கு வேறு என்ன வேலை, அணுமின்சாரம் வேண்டுமா, கார்பன் வரி யார் தலையில் விழும், கடல் ஏறினால் கரையோர மக்களை எங்கே குடிவைப்பது. இவற்றில் எதிரெதிர்க் கருத்துகள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ‘இந்தச் செலவு எனக்குக் கட்டுப்படியாகாது’ என்று ஒரு கட்சி வெளிப்படையாகச் சொன்னால் அது மரியாதைக்குரிய அரசியல் நிலைப்பாடு. அதோடு மோதலாம், பேரம் பேசலாம், வாக்குக் கேட்கலாம். அப்படிச் சொல்லத் துணிவில்லாதவர்கள்தான் செலவைப் பற்றிய சண்டையை வெப்பமானியைப் பற்றிய சண்டையாக வேஷம் மாற்றினார்கள். அதனால் பறிபோனது இந்த உண்மையான விவாதத்துக்கு உரிய காலம். நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட்டில் எச்சரித்த 1988இல் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 350 பங்கு. சிறுகச் சிறுகக் குறைத்திருந்தால் வலிக்காமல் முடிந்திருக்கக்கூடிய வேலை, இப்போது அவசரமாகவும் கூடுதல் செலவிலும் செய்ய வேண்டியதாகிவிட்டது. அந்தக் கூடுதல் செலவை எண்ணெய் நிறுவனங்களின் கணக்கில் எழுதப்போவதில்லை. ‘இன்னும் உடன்பாடு இல்லையாமே’ என்று சொல்லிக்கொண்டிருப்பவரின் பிள்ளைகள் தலையில்தான் அது விழும்.