சுவரைத் தொட்டுப் பார்த்தோம்

லயத்துப் பத்தடி அறையை விட்டு, பிள்ளைகளின் படிப்பை எண்ணி ஹட்டன் நகருக்குக் குடிவர நினைப்போர் பலர். வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது. எது மலிவோ அதையே நாடுகிறோம்.

நாமும் அவ்வாறே ஒரு வீடு பார்த்தோம். வாடகை குறைவு, புதுச் சுண்ணாம்பு பளிச்சென்றிருந்தது. முற்பணத்தை நீட்டுமுன் நம் இல்லத்தரசியார் மலைப்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஆனி மாதத்து ஈரம் கையில் ஒட்டிற்று! முன்னிருந்தவர் விட்டுப்போன அலமாரியை நகர்த்தினால், பின்னே கரும்பூஞ்சணம். இளைப்புள்ள பிள்ளைக்கு அவ்வறை ஆகுமா? வாடகையில் மிஞ்சுவதை மருந்துக்கடை வாங்கிக்கொள்ளும்.

வீடு பார்க்கத் தென்மேற்குப் பருவமழைக் காலமே தக்கது. மாசி வெயிலில் எல்லாச் சுவரும் நல்ல சுவரே. (வெள்ளையடித்தவருக்கும் அது தெரியும்.) பின்புறத்து மண்மேட்டையும் பாருங்கள். வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரைக் கேளாது குடிபுக வேண்டா. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுள் புதைந்த லயங்களுக்கும் எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. போக வேறிடந்தான் இல்லை.

இப்போது நாம் இருப்பது அறுபது படி ஏறவேண்டிய வீடு. வாடகை சற்று அதிகம். மாதக் கடைசியில் கையைக் கடிக்கத்தான் செய்கிறது. காலையில் அடுப்படி வரை வெயில் வருகிறது.