உண்டி வந்தது, பசி தீர்ந்ததா?

“18 வயதுப் பிள்ளைக்கு ஓட்டு எதற்கு? மீசை முளைக்காத பயல்களா நாட்டின் விதியை நிர்ணயிப்பது?” என்று தோட்டத்துக் கோயில் வாசலிலும் பட்டணத்துக் காப்பிக் கடையிலும் சில பெரியவர்கள் இன்னும் அங்கலாய்க்கக் கேட்கிறோம். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். அவ்வயது வாலிபன் செம்பனைக் காட்டில் குலை வெட்டலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், குற்றம் செய்தால் பெரியவர்களோடு கூண்டிலும் நிற்கலாம். ஓட்டுச் சீட்டைப் பெட்டியில் போட மாத்திரம் அவனுக்கு அறிவு போதாதாம்! இது என்ன நியாயம்?

இவ்வுரிமை எவருடைய தயவாலும் வந்ததன்று. 2016-ஆம் ஆண்டில் மாணவர் சிலர் தொடங்கிய ‘உண்டி 18’ இயக்கமே இதற்கு வித்து. மலாய் மொழியில் உண்டி என்றால் ஓட்டு. இனபேதம் பாராது வாலிபர்கள் கூடி வாதாடியதன் பலனாக, 2019 ஜூலை 16-ல் மக்களவையில் 211 உறுப்பினர்கள் ஏகமனதாக வாக்களித்து, ஓட்டு வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தனர். பிரஜைகளின் பெயர் தானாகவே பட்டியலில் சேரவும் வகை செய்தனர். ஆயினும், 2022 செப்டம்பருக்குப் பிறகே அது அமுலாகும் என்று 2021 மார்ச்சில் கைவிரிக்கப்பட்டது. வாலிபர்கள் சோர்ந்துவிடவில்லை, நீதிமன்றம் ஏறினார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் அமுலாக்க வேண்டுமெனக் கூச்சிங் உயர்நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட்டது. டிசம்பர் 15-ல் சட்டம் உயிர் பெற்றது. 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் அவர்கள் ஓட்டளித்தார்கள்.

தமிழிலோ உண்டி என்பது உணவு. இலையில் சோறு விழுந்துவிட்டது, நாம் உண்கிறோமா? தலைவரோ மண்டோரோ காட்டிய சின்னத்தில் குறியிடுவதற்கா இத்தனை பாடு?

அன்றியும், நீல அடையாள அட்டை இல்லாதவனைப் பட்டியல் அறியாது. பெற்றோர் கல்யாணத்தையும் பிள்ளையின் பிறப்பையும் காலத்தில் பதியாத குறையால், இம்மண்ணிற் பிறந்தும் அந்நியராய் நிற்கும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. தோட்டத்து ஆபீசில் கிராணியாயிருக்கும் நம் மேசைக்கு முன் வந்து, “கார்டு இல்லீங்க ஐயா” என்று தலைகுனிந்தவர்களைக் கண்டிருக்கிறோம். “பிறகு பார்க்கலாம்” என்று நாமும் அனுப்பியதுண்டு. அதற்காக இன்று வெட்கப்படுகிறோம்.

வாலிபத் தோழர்களே! தோட்டந்தோறும் ஆணும் பெண்ணும் சமமாய்ச் சங்கம் கூடுங்கள். லயம் லயமாகச் சென்று, அட்டையில்லாதவரைக் கணக்கெடுங்கள். அவர்களைப் பதிவிலாகாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் பிரஜைக்குள்ள உரிமையை அரசியல் சட்டத்தின் 10-ஆவது விதி கூறுகிறது. அதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். ஓட்டு ஐந்தாண்டுக்கொரு முறை வரும். உரிமையோ தினமும் காக்கப்பட வேண்டியது. பந்தியில் இடமில்லாத ஒரு பிள்ளை வெளியே நிற்கும்வரை, நமது பசி தீர்ந்ததாகச் சொல்ல நமக்கு வாய் ஏது?