அக்காவின் கால் புண்ணும் ‘ஒரே நாள்’ ஸ்டெம் செல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்காவுக்கு 71 வயது. உள்ளங்காலில் நாலு மாதமாக ஆறாத புண். ஒரு தனியார் கிளினிக்கில், “வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, ஜெல்லில் கலந்து புண்ணில் வைப்போம். காலையில் வந்தால் மாலையில் வீட்டுக்குப் போகலாம். இரண்டரை லட்சம்” என்றார்களாம். அத்தான் நிலப் பத்திரத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

32 வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். இந்த ஆராய்ச்சியைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கொழுப்பில் ஸ்டெம் செல் இருப்பதை 2001-ல் அமெரிக்காவில் பட்ரீசியா சுக் குழுவினர் எழுதினார்கள். உறிஞ்சி எடுத்த கொழுப்பைக் கழுவி, கொலாஜினேஸ் என்ற நொதியை 37 டிகிரியில் சேர்த்துக் கரைத்து, வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு மேலே மிதக்கும், செல்கள் அடியில் தங்கும். அவற்றை வெறுமனே புண்ணில் விட்டால் நிற்காது, பெரும்பாலும் செத்துப்போகும். அதனால்தான் கொலாஜன், ஃபைப்ரின் போன்ற ஜெல். கொடிக்குப் பந்தல் போட்ட மாதிரி. அந்தப் பந்தலில் இருந்துகொண்டு செல்கள் சுரக்கும் பொருட்கள், புது ரத்தக்குழாய் வளரத் தூண்டும்.

ஆனால் அடியில் தங்குவது பலவகைச் செல்களின் கலவை. ஸ்டெம் செல் அதில் ஒரு பங்குதான். அதைத் தனியே வளர்த்துப் பெருக்க நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். காலையில் எடுத்து மாலைக்குள் வைப்பது கலவையைத்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் சிகிச்சையை முறையான ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம். ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த ஆய்வும் அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும்.

கிளினிக்குக்கு போன் போட்டேன். “பதிவு எண் என்னங்க?” என்றேன். “அதெல்லாம் டாக்டர் பார்த்துக்குவாருங்க சார்” என்று வைத்துவிட்டார்கள்.

அக்கா மகன் கோபித்துக்கொண்டான். “இருக்கிற நம்பிக்கையையும் கெடுக்காதீங்க மாமா” என்றான். நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை தம்பி. அதற்கு விலை போடுவதைத்தான் கேட்கிறேன்.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்த்தார்கள். செத்த சதையை அகற்றினார்கள். புண்ணில் பாரம் விழாதபடி செருப்பு மாற்றினார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் பழைய வைத்தியம். எந்த ஜெல் வந்தாலும் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்.

புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனால் சுருங்கிவருகிறது. பத்திரம் பீரோவில் இருக்கிறது.