பூட்டை வைத்திருப்பவன் யார்?

மேசைக்கணினிச் செயலிகளை இயற்றுவோர் "தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது" என்னும் செய்தியை ஒருமுறையேனும் கண்டிருப்பர். கண்டவுடன் அவர் செய்வது யாது? காத்திருப்பு நேரத்தை 5 நொடியிலிருந்து 60 நொடியாக உயர்த்துவர். சிலர் தரவுக் கோப்பின் அருகிலுள்ள ஜர்னல் கோப்பையே அழித்துவிடுவர். முன்னது நோயை மறைப்பது. பின்னது நோயாளியைக் கொல்வது என்பதே எம் கருத்து.

ரிச்சர்டு ஹிப் என்னும் அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்கியூலைட் இன்று எண்ணிறந்த செயலிகளுள் அமைந்துள்ளது. அதற்குத் தனியே சர்வர் இல்லை; தரவுத்தளம் ஒரு சாதாரணக் கோப்பே. அக்கோப்பை ஒரே காலத்தில் பலர் படிக்கலாம், எழுதுவோன் ஒருவனே. மற்றொருவன் எழுதப் புகின் "பிஸி" என்னும் விடை கிடைக்கும். இது குற்றமன்று, ஏடு சிதையாவண்ணம் நிற்கும் காவலேயாம்.

ஆயின் குறை எங்குளது? பூட்டைப் பெற்றவன் அதனை விடாதிருத்தலிலே. நூலகச் செயலி ஒன்றைக் கருதுவோம். எழுத்தர் ஒரு பதிவைத் திருத்தத் தொடங்கியதும் பரிவர்த்தனை திறக்கப்பட்டு, முதல் மாற்றமும் எழுதப்படுகின்றது. பின்னர் அவர் உணவுண்ணச் செல்கின்றார். அவர் மீண்டு வந்து "சேமி" என்னும் பொத்தானை அழுத்துமளவும் ஏனையோர் எழுத இயலாது. 60 நொடி காத்திருந்தும் பயன் என்னை? படிவம் நிரம்பிய பின்னரே பரிவர்த்தனையைத் திறந்து, எழுதி, உடனே மூடுதல் வேண்டும்.

காத்திருத்தலே பயன்படாத இடமும் ஒன்றுண்டு. படித்துக்கொண்டிருக்கும் இரண்டு இணைப்புகள் இடையில் எழுத விழையின், ஒன்றையொன்று நோக்கி முட்டி நிற்கும். அதனை உணரும் எஸ்கியூலைட், காத்திராமலே ஒன்றிற்குப் "பிஸி" என விடையளிக்கும். எழுதும் எண்ணமுடையோர் தொடக்கத்திலேயே "பிகின் இமீடியட்" எனக் கட்டளையிடின் இம்முட்டுப்பாடு நேராது.

ஒரே இணைப்பைப் பல திரெட்டுகள் பகிர்தலும் தீது. பரிவர்த்தனை இணைப்பிற்கு உரியதாதலின், ஒரு திரெட் "கமிட்" எனக் கூறினால் மற்றதன் அரைகுறை வேலையும் உடன் பதிவாகிவிடும். திரெட்டுக்கு ஓர் இணைப்பு என்பதே நன்று.

2010ஆம் ஆண்டில் வந்த டபிள்யூ.ஏ.எல். முறையில் படிப்போரும் எழுதுவோனும் ஒருவரையொருவர் தடுப்பதில்லை என்பர் சிலர். மெய்யே; எனினும் அதிலும் எழுதுவோன் ஒருவனே. நெட்வொர்க் வழியே பல கணினிகள் பகிரும் கோப்பிற்கு அம்முறை ஏற்றதுமன்று.

ஜர்னல் கோப்பை அழிப்போர்க்கு ஒரு சொல். எழுதுங்கால் மின்சாரம் நின்றால், பழைய நிலையை மீட்டற்குரிய பக்கங்கள் அதன்கண் உள்ளன. அதனை அழித்தால் பிஸி நீங்கலாம். பல்லாண்டு சேர்த்த பதிவுகளும் உடன் நீங்கலாம்.

சிறிது காத்திருத்தல் வேண்டாம் என்பேமல்லேம். ஆயினும், "எத்துணை நேரம் காப்பது?" என வினவுமுன், "பூட்டை வைத்திருப்பவன் யார்? எதன்பொருட்டு?" என வினவுதல் வேண்டும். பொதுவாயதைத் தேவையளவே கைக்கொண்டு விரைந்து விடுதல் நிரலுக்கும் அறமேயாம்.