கைப்பேசி ஒன்று, விதிகள் இரண்டு

பினாங்கில் இன்று திறன்பேசி இல்லாத கல்லூரி மாணவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொம்தார் பேருந்து நிலையத்தில் நின்றாலும் சரி, பட்டர்வொர்த் ஃபெரியில் ஏறினாலும் சரி, ஆண் பெண் எல்லாருடைய கையிலும் அது இருக்கிறது. புள்ளிவிவரத் துறையின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டில் 15 வதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 97.7 விழுக்காட்டினர் இணையம் பயன்படுத்துகின்றனர்.

தெற்காசியாவில் நிலைமை வேறு. கைப்பேசி நிறுவனங்களின் அனைத்துலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024இல் வெளியிட்ட அறிக்கை, அங்கே ஆண்களைவிடப் பெண்கள் கைப்பேசி வழி இணையம் பயன்படுத்துவது 31 விழுக்காடு குறைவு என்கிறது. நமக்கு அந்தக் குறை பெரிதாக இல்லை. அதனால் இங்கே ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்லிவிடலாமா? கருவி சமமாகக் கிடைத்துவிட்டது. அதனுடன் வரும் விதிகள் இன்னும் சமமாகவில்லை.

மகனுக்குக் கைப்பேசி வாங்கித் தரும்போது, “ரொம்ப நேரம் கேம் விளையாடாதே” என்பதோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. மகளுக்கோ அது நீள்கிறது. முகப்படம் வைக்காதே, தெரியாத எண்ணை எடுக்காதே, எங்கே இருக்கிறாய் என்று காட்டு. புலனத்தில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் எனப் பகிரலாம். மாலை வகுப்பு இருந்தால் 8 மணி நேரத்தைத் தட்டிவிட்டுத்தான் நான் வீட்டிலிருந்து கிளம்புவேன். இரவு ஃபுட்சால் முடிந்து திரும்பும் தம்பியிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

பாடத்திற்கான புலனக் குழுவில் எண் சேர்ந்த சில நாள்களிலேயே, “ஹாய், சாப்டாச்சா?” என்று முன்பின் தெரியாதவரிடமிருந்து செய்தி வருவது மாணவிகள் பலருக்குப் பழகிப்போன ஒன்று. பதில் போடாவிட்டால் வேறோர் எண்ணிலிருந்து வரும். தொல்லை தாங்காமல் குழுவைவிட்டு விலகினால், வகுப்பு நேர மாற்றமும் தொழிற்பயிற்சி அறிவிப்பும் நம்மை வந்து சேராது. தொல்லை கொடுத்தவர் குழுவிலேயே இருப்பார், இழப்பு விலகியவளுக்கு.

ஒளிந்துகொள்வது முழுப் பாதுகாப்பும் தராது. 2020இல் ‘வி2கே’ என்ற டெலிகிராம் குழு அம்பலமானது. பல்லாயிரம் பேர் இருந்த அந்தக் குழுவில், மலேசியப் பெண்களின் படங்கள் அவர்களுக்குத் தெரியாமலே பகிரப்பட்டன. சமூக ஊடகங்களில் அவர்கள் இயல்பாகப் போட்டிருந்த படங்களும் அவற்றில் இருந்தன. படம் போட்டது தப்பு என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தால், அதை எடுத்துப் பரப்பியவரை யார் கேட்பது?

சட்டம் கேட்கத் தொடங்கிவிட்டது. தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவு 2023 மே 31 முதல் நடப்பில் உள்ளது. ஒருவருக்கு அச்சமோ மன உளைச்சலோ தரும் வகையில் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், எந்த வழியிலாவது தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2022ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் புகார்களை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயமும் உண்டு. ஆனால், சட்டம் தொல்லை நடந்த பிறகுதான் வரும். அதற்கு முன்னால் வர வேண்டியது வளர்ப்பு.

எல்லா ஆண்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. தொல்லை கொடுப்பவனைக் குழுவிலேயே கண்டிக்கும் நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்கள் பெருக வேண்டும் என்றால் பாடம் இரு பக்கமும் போய்ச் சேர வேண்டும். இடைநிலைப்பள்ளி நன்னெறி வகுப்பிலும் பல்கலைக்கழக அறிமுக வாரத்திலும், எண்ணை மறைப்பது எப்படி என்று மாணவிகளுக்குச் சொல்லும்போதே, குழுவில் கிடைத்த எண் நட்புக்கு அழைப்பு அல்ல என்று மாணவர்களுக்கும் சொல்லுங்கள். பதில் வராததும் ஒரு பதில்தான் என்று கற்றுக்கொடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இன்றிரவு மகளிடம் “எங்கே இருக்கிறாய்?” என்று கேட்கும்போது, மகனிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “யாருக்குச் செய்தி அனுப்புகிறாய்? அந்தப் பெண்ணுக்கு அதில் விருப்பம் உண்டா?”