ஒன்றரை ஷிப்டும் ஒரு குழந்தையின் மூளையும்

"அவங்க பாட்டன் வழிங்க டாக்டரம்மா, எல்லாமே மெதுவாத்தான்" என்று குழந்தையின் மந்தத்துக்குப் பரம்பரையைக் கைகாட்டும் மாமியார்கள் திருப்பூர் மங்கலம் ரோட்டிலுள்ள என் கிளினிக்குக்கு அடிக்கடி வருவார்கள். பக்கத்தில் நிற்கும் மருமகளின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடக்கும். எட்டாம் மாதம்வரை ஓவர்லாக் மிஷினில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவள்.

நரம்பிழை மேல் மயலின் என்ற கொழுப்புறை சுற்றினால்தான் மூளையில் தகவல் வேகமாக ஓடும். அந்த உறையைப் போடும் செல்களாக முதிரவேண்டிய முன்னோடிச் செல்கள் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. அவை முதிர்வது பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் கையில். 2019-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கிழட்டு எலியின் முன்னோடிச் செல்களைக் குட்டியின் மூளையில் வைத்தார்கள். அவை இளஞ்செல்களாகவே நடந்துகொண்டன.

கைக்குழந்தையின் மூளையில் அந்தச் சுற்றுப்புறத்துக்கு இரும்புச்சத்து முக்கியம். உறைக்கான கொழுப்பைத் தயாரிக்க இரும்பு வேண்டும். நூல் வராத நிட்டிங் மிஷின் எவ்வளவு புதிதாக இருந்தென்ன? கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாயிடம் வாங்கிச் சேர்த்ததை வைத்துத்தான் பிள்ளை முதல் ஆறு மாதத்தை ஓட்டுகிறது. 1998-இல் வெளிவந்த சிலி நாட்டு ஆய்வில், இரும்புக்குறைவால் ரத்தசோகை வந்த ஆறு மாதக் குழந்தைகளுக்குக் காதிலிருந்து மூளைத்தண்டுக்குச் செய்தி தாமதமாகவே போனது. இரும்பு கொடுத்து ரத்தம் தேறிய பிறகும், ஒன்றரை வயதிலும், தாமதம் தீரவில்லை. மயலின் குறைபாட்டைத்தான் ஆய்வாளர்கள் சந்தேகித்தார்கள்.

எல்லா மந்தத்துக்கும் இரும்பே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. "வயித்தப் பொரட்டுதுங்க, பீஸ் கொறஞ்சிருது" என்று அதை டிபன் பையிலேயே வைத்திருக்கிறார்கள். தைத்த பீஸுக்குத்தான் கூலி என்ற பீஸ் ரேட்டில் பாத்ரூம் போவதே நஷ்டம். அவசரமாக அள்ளிப்போட்ட சோற்றின் மேல் உடனே ஒரு டீ. கிடைக்கிற கொஞ்சம் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் அது தடுத்துவிடும்.

பிள்ளை பிறந்த பிறகும் துணை இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017 மகப்பேறு சட்டத் திருத்தமே சொல்லிவிட்டது. பவர்டேபிள் என்ற சிறு தையல் யூனிட்டில் இருப்பதோ பத்து, இருபது பேர். வெளிநாட்டு பையரின் ஆடிட்டர் அவசர வழியில் அட்டைப்பெட்டி கிடக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார், அதுவரை சந்தோஷம். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் முதலாளிகளும் சங்கங்களும் சதவீதத்தோடு இதையும் எழுதட்டும்: கர்ப்பிணிக்கு ஒரு ஷிப்ட் மட்டும், பீஸ் ரேட் போய் நாள் சம்பளம், மூன்றாம் மாதத்துக்குள் ரத்தப் பரிசோதனை, வீதிக்கு ஒரு பொதுக் காப்பகம்.